மருந்துக்கு இசையாத மனச்சோர்வும் இரட்டை வைத்தியமும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இம்மாதப் பிரசங்கத்திற்கு எம்மை அழைத்த காரியதரிசி அவர்கள், கல்வி நிதியைக் குறித்தேனும் பழைய சாசனங்களைக் குறித்தேனும் யாம் பேசுவோம் என எதிர்பார்த்திருந்தனர். யாம் எடுத்துக்கொண்ட பொருளைச் சொன்னவுடன் சிறிது தயங்கி, "தாய்மார்களும் வருகின்றார்களே" என்றனர். தாய்மார்கள் வருகின்றமையாலேயே இதனைப் பேசத் துணிந்தோம். இந்நோய் நம் வீடுகளில் எங்கெங்கு ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றது என்பதை அவர்களே நன்கறிவர். அரிசிப் பானைக்குள்ளும், அலமாரியில் அடுக்கிய பட்டுப்புடவைக்கு அடியிலும், விபூதிச் சம்புடத்தின் பின்னும் மறைந்திருக்கும் மாத்திரை அட்டைகளை யாம் எம் கண்ணாற் கண்டுள்ளோம்.

யாம் வைத்தியரல்லேம். முப்பது ஆண்டு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவரேம். ஆகலின் எம் பேச்சில் எண்கள் சிறிது மிகும், பொறுத்தருள வேண்டுகின்றோம். வைத்தியர்களிடம் கேட்டும், நூல்களிற் பார்த்தும், அனைத்தினும் மேலாக எம் குடும்பத்தில் பட்டும் அறிந்தவற்றையே சொல்லப் புகுகின்றோம்.

முதலிற் பெயரைத் தெளிவு செய்துகொள்வோம். பத்திரிகைகளில் "மன அழுத்தம்" என்று எழுதுகின்றனர். பரீட்சைக்குப் போகும் பிள்ளையின் படபடப்பும் மன அழுத்தமே; ஆறு மாதம் பாயை விட்டு எழாதவரின் நிலையும் மன அழுத்தமே என்றாற் குழப்பம் விளையும். யாம் பேசுவது பின்னதைப் பற்றி. அதனை மனச்சோர்வு நோய் என்பது பொருந்தும். இரண்டு வாரத்திற்கு மேல் நாள்தோறும் மனம் வாடியிருத்தல், முன்பு விரும்பியவற்றில் விருப்பம் அறுதல், உறக்கமும் பசியும் கெடுதல், சிறு காரியத்திற்கும் மனம் குவியாமை, தன்னைத் தானே இழித்து நினைத்தல், உயிர்வாழ்தலே வேண்டா எனத் தோன்றுதல் ஆகியன இதன் குறிகள். நம் பக்கத்தில் இவற்றை இப்பெயர்களால் யாரும் சொல்வதில்லை. தலை கனக்கிறது, வாய் கசக்கிறது, உடம்பு அசதியாக இருக்கிறது என்றே சொல்வர். கேட்பவரும் கஷாயம் வைத்துக் கொடுப்பர்.

2015, 2016 ஆம் ஆண்டுகளில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் தமிழ்நாடு உட்படப் பன்னிரண்டு மாநிலங்களில் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தினர். வயது வந்தோரில் ஏறக்குறைய இருபதின்மருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்பது அதிற் கண்டது. இம்மண்டபத்தில் நாற்காலிகளை எண்ணிப் பார்த்தோம்; முந்நூறு உள்ளன. வகுத்துப் பார்ப்பதை உங்களிடமே விடுகின்றோம். அக்கணக்கெடுப்பிலேயே, நோயுற்றோரில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் எவ்வித வைத்தியமும் பெறவில்லை என்றும் கண்டனர். அவ்வெண்பத்தைந்து பேரைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். எஞ்சிய பதினைந்து பேருள் மருந்து உண்டும் தேறாதவர் நிலையைப் பேசுவார் அரியர். அவர்களைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

எம் இளைய சகோதரர் கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்பவர். அவருடைய வற்புறுத்தலின் பேரிலேயே இதனைச் சொல்கின்றோம். இன்று கடைசி வரிசையில் கதவோரம் அமர்ந்துமிருக்கின்றார். சில ஆண்டுகளுக்கு முன், அழகர் மலைக்குத் திரும்பிய மறுவாரம் அது. விடியுமுன் எழுந்து லாரிச் சரக்கை இறக்கிப் பழகியவர், ஒன்பது மணி ஆகியும் எழவில்லை. நெஞ்சில் அம்மிக் குழவியை வைத்தாற்போல் இருக்கின்றது என்றார். இரத்தம் சோதித்தோம், சர்க்கரை பார்த்தோம், இருதயப் படம் எடுத்தோம். ஒன்றும் இல்லை என்றனர். ஒன்றும் இல்லை என்ற சொல்லே வீட்டில் விபரீதமாயிற்று. ஒன்றும் இல்லாதவன் ஏன் படுத்திருக்கின்றான் என்று உறவினர் கேட்டனர். சோதிடர் ஏழரைச் சனி என்றார். திருநள்ளாறு சென்று வந்தோம். எம் தாயார் மேலூர்ப் பக்கத்துக் கோடாங்கி ஒருவரை வருவித்து இரவு முழுதும் உடுக்கடிக்கச் செய்தார். அவ்விரவு மட்டும் தம்பி உறங்கினார் என்பதையும் மறைக்கமாட்டோம். மூன்று மாதம் கழித்து, "நான் இல்லாவிட்டால் உங்கள் எல்லாருக்கும் பாரம் குறையும், அண்ணே" என்று எம்மிடம் மெல்லச் சொன்னார். அன்று மாலையே மனநல வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம்.

வைத்தியர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து, குணம் தெரிய நான்கு வாரமேனும் ஆகும், இடையில் நிறுத்தலாகாது என்றார். பத்து நாளில் உறக்கம் வந்தது. பத்தொன்பதாம் நாள் அவர் மூத்த மகளைப் பெண் பார்க்க வெளியூரிலிருந்து ஒரு குடும்பத்தார் வந்து இரண்டு நாள் தங்கினர். மாத்திரை உண்பதை அவர்கள் கண்டால் சம்பந்தம் கலைந்துபோம் என்று வீட்டார் அஞ்சினர். அட்டையை ஒளித்தனர், இரண்டு நாள் நிறுத்தினர், விருந்தினர் போன பின்னும் "நன்றாகத்தானே இருக்கின்றார்" என்று அப்படியே விட்டுவிட்டனர். "வீட்டார்" என்று யாம் சொல்வதில் யாமும் அடக்கம். மறுமாதம் நோய் முன்னிலும் கடுமையாய்த் திரும்பியது. அச்சம்பந்தமும் வேறு காரணத்தால் நின்றுபோயிற்று.

இரண்டாம் வைத்தியரிடம், முதல் மருந்து கேட்கவில்லை என்று கூசாமற் சொன்னோம். அவர் வேறொன்று கொடுத்தார். இங்கிலீஷ் மருந்து உடம்புக்குச் சூடு என்று கருதிய எம் தாயார், அதனைப் பாதியாக ஒடித்து, ஒன்பது வாரம் பாதியே கொடுத்து வந்தார். பிறகு ஓர் ஆஸ்பத்திரிக்குச் சென்றோம், பெயர் சொல்லோம். அங்கே மூன்று நிமிஷத்தில் ஐந்து வகை மாத்திரைகள் எழுதினர். அவற்றுள் உறக்க மாத்திரை இரண்டு. தம்பி பகலிலும் தூங்கி விழுந்தார். சோர்வு மட்டும் தீரவில்லை. "இது மருந்துக்கு அடங்காத வியாதி" என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டோம்.

அடுத்து யாம் கண்ட வைத்தியர், இதுவரை வாங்கிய அட்டைகள் அனைத்தையும் ஒரு பையிற் போட்டுக் கொண்டுவாருங்கள் என்றார். மேஜையின்மேற் கொட்டி, வெறும் குழிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். முதல் மருந்து பத்தொன்பது நாள்; இரண்டாவது பாதி அளவு. "ஐயா, இவருக்கு மருந்து தோற்கவில்லை; மருந்து இன்னும் களத்திலேயே இறங்கவில்லை" என்றார். முப்பது ஆண்டு கணக்குச் சொல்லிக்கொடுத்தும் வீட்டில் எண்ணத் தவறினோமே என்று எமக்கு உண்டான வெட்கம் இன்னும் முற்றும் நீங்கவில்லை.

ஈண்டு "மருந்துக்கு இசையாமை" என்பதற்கு வைத்திய சாஸ்திரம் கூறும் பொருளைச் சொல்லவேண்டும். மனச்சோர்வுக்குரிய மருந்துகளில் குறைந்தது இரண்டை, ஒன்றன்பின் ஒன்றாக, உரிய அளவில், உரிய காலம் வரை உண்டும் போதிய குணம் காணாமையே அதுவாகும். உரிய காலமாவது பொதுவில் ஆறு முதல் எட்டு வாரம். அவ்வாறு உண்ணாதவர் நோயைத் தீராத நோய் என்று சொல்லுதல், விதைத்த மறுநாள் வயலைப் பார்த்து விளைச்சல் பொய்த்தது என்று சொல்லுவதை ஒக்கும். உண்டும் தேறாதபோது வைத்தியர் வேறு சிலவும் பார்ப்பர். தைராய்டு சுரப்பியின் குறைவு சோர்வாகவே தோன்றும், இரத்தசோகையும் அவ்வாறே. மாலையில் ஒளிவாய்க் குடிக்கும் சாராயம் காலையில் உண்ட மாத்திரையை வீணாக்கும். சிலருக்குச் சோர்வு ஒரு பருவமும் மிதமிஞ்சிய உற்சாகம் ஒரு பருவமுமாய் மாறி மாறி வரும். அது வேறு நோய், அதற்கு மருந்தும் வேறு. எம் தம்பிக்கு இவை யாவும் பார்த்தனர். ஒன்றும் இல்லை.

பிறகு முதல் மருந்தையே முழு அளவில் எட்டு வாரம் கொடுத்தனர். உறக்கம் சீர்ப்பட்டது, உணவு இறங்கியது, ஆனால் கடைக்குப் போகவில்லை, எவரோடும் பேசவில்லை. மருந்தை மாற்றி மீண்டும் எட்டு வாரம். அதே அளவில் நின்றது. இப்பொழுது, எண்ணிப் பார்த்த பின்னர், உண்மையாகவே மருந்துக்கு இசையாத சோர்வு என்று வைத்தியர் ஒப்புக்கொண்டார்.

இவ்வாறு ஆவது அரிதன்று. அமெரிக்காவில் ஏறக்குறைய 4,000 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஒரு பெரும் ஆராய்ச்சியின் முடிவுகள் 2006 இல் வெளியாயின. முதல் மருந்தில் நோய் முற்றும் நீங்கியவர் மூவருக்கு ஒருவர் அளவே. அடுத்தடுத்து மருந்தை மாற்ற மாற்றப் பயன் குறைந்தது. மூன்றாம் படியை எட்டியவர்களில் ஏழெட்டுப் பேருக்கு ஒருவரே அப்படியிலே முற்றும் தேறினர். ஆகலின் மருந்தை மாற்றிக்கொண்டே போவது ஒரு வழி எனினும், அது வரவர ஒடுங்கும் வழி.

மற்றொரு வழி, உண்ணும் மருந்தை நிறுத்தாமலே, அதனோடு உளச்சிகிச்சையைச் சேர்த்தல். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பிரிஸ்டல், எக்ஸிட்டர், கிளாஸ்கோ ஆகிய மூன்று ஊர்களில் இதனைச் சோதித்தனர். முடிவு 2013 இல் லான்செட் பத்திரிகையில் வந்தது. மருந்து உண்டும் தேறாத 469 பேரை இரு கூறாக்கினர். ஒரு கூறுக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். மற்றதற்கு அவ்வைத்தியத்தோடு, எண்ணங்களையும் நடத்தையையும் திருத்தும் பேச்சுச் சிகிச்சையும். ஆறு மாதம் கழித்து, நோயின் வேகம் பாதிக்கு மேல் தணிந்தவர் முதற் கூறில் நூற்றுக்கு 22 பேர். இரண்டாம் கூறில் 46 பேர். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்த்தபோதும் இரண்டாம் கூறினரே மேம்பட்டிருந்தனர். கணக்கு வாத்தியார் என்ற முறையில் மற்றொரு பக்கத்தையும் காட்டக் கடமைப்பட்டுள்ளோம். இரண்டும் சேர்ந்தும் பாதிப்பேருக்கு மேல் அவ்வளவு தணிவு காணவில்லை. ஆயினும் 22, 46 ஆவது சிறிய காரியமோ?

"பேசினால் நோய் தீருமா? அதற்குக் காசு வேறா?" என்பது நம்மவர் கேள்வி. எம் தம்பியும் இதனையே கேட்டார். அவருக்குச் சிகிச்சை செய்தவர் அவர் வயதிற் பாதியே ஆன ஒரு பெண்மணி. செவ்வாய்தோறும் மாலையில் முக்கால் மணி நேரம்; மொத்தம் பதினாறு வாரம். அவர் புத்திமதி சொல்லவில்லை. தைரியமாக இரு என்னவில்லை. அதனைத்தான் உறவினர் அனைவரும் ஓராண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தனரே! ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, நாள் முழுதும் மணிக்கு மணி என்ன செய்தீர், அப்பொழுது மனம் எவ்வாறு இருந்தது என்று எழுதி வரச் சொன்னார். முதல் வாரம் நோட்டில் "படுத்திருந்தேன்" என்னும் ஒரு சொல்லே மீண்டும் மீண்டும் இருந்தது. மறுவாரம், கடைக்குப் போய் ஒரே ஒரு பலகையைக் கழற்றிவைத்துப் பத்து நிமிஷம் உட்கார்ந்து, மீண்டும் பூட்டிவிட்டு வரும்படி சொன்னார். வியாபாரம் செய்யலாகாது என்றும் கட்டளையிட்டார். தம்பி அதனைச் செய்தார். மூன்றாம் நாள் ஒருவர் வந்து துவரம்பருப்பின் விலை கேட்க, கட்டளையை மீறி விலை சொல்லிவிட்டதாக நோட்டில் எழுதியிருந்தார். அவ்வரியைப் படித்தபொழுது யாம் அழுதோம்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. சோர்வுற்றவர் மனம் தெளிந்த பின் எழலாம் என்று காத்திருக்கின்றார்; எழாமையால் மனம் தெளிவதேயில்லை. அவ்வட்டத்தை ஓரிடத்தில் வெட்டுதலே இம்முறையின் முதற் பகுதி. இரண்டாம் பகுதி எண்ணங்களைச் சோதித்தல். "நான் எல்லாருக்கும் பாரம்" என்பதை ஒரு வழக்காகக் கொண்டு, யார் யாருக்கு, எவ்வாறு, சாட்சி என்ன என்று எழுதச் சொன்னார். தம்பி ஐந்து பெயர் எழுதினார். அவர்களையே கேட்டுவரும்படி சொன்னார். மனையாளைக் கேட்டபோது, "நீங்கள் படுத்திருப்பது பாரமில்லை, நாலு வருஷமாக எதையோ மறைக்கிறீர்களே, அதுதான் பாரம்" என்று அவ்வம்மாள் சொல்லிவிட்டார்.

அதன் பின்னரே உண்மை வெளிவந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பருக்காகப் பெருந்தொகைக்கு ஜாமீன் கையெழுத்திட்டிருக்கின்றார். நண்பர் ஊரை விட்டுப் போய்விட்டார். மாதந்தோறும் வட்டியை யாருக்கும் தெரியாமல் தம்பியே கட்டி வந்திருக்கின்றார். எந்த மாத்திரை இதனை எமக்குச் சொல்லியிருக்கும்? அதே சமயம், பத்து நிமிஷம் ஓரிடத்தில் அமர இயலாமல், கேட்ட கேள்வியை மறந்து, இரவெல்லாம் விழித்துக் கிடந்த முதல் மாதங்களில் அப்பெண்மணி எதிரே உட்கார்ந்திருந்தாலும் தம்பி வாய் திறந்திருப்பாரா? மருந்து உறக்கத்தையும் கவனத்தையும் மீட்டுக் கொடுத்தது. அவற்றைக்கொண்டு பேச்சு உள்ளே சென்றது. பேச்சு வளர்ந்ததனால் மருந்தையும் தவறாமல் உண்டார். ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று எண்ணி இதுவா அதுவா என்று வாதிப்பவர்கள், வண்டிக்கு எந்தச் சக்கரம் வேண்டும் என்று வாதிப்பவர்களே.

மருந்தைப் பற்றிய இரண்டு ஐயங்களையும் சொல்லிவிடுகின்றோம். இம்மருந்துகள் உறக்க மாத்திரையைப்போலப் பழக்கத்திற்கு அடிமையாக்குவன அல்ல. ஆயினும் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் படபடப்பும் உண்டாகும். வைத்தியர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைக்கவேண்டும். குணமான பின்னும் ஆறு மாதத்திற்குக் குறையாமல் தொடர்தல் முறை. மீண்டும் மீண்டும் வந்தவர்க்கு இன்னும் நெடுங்காலம். இருபத்தைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தொடங்கும்போது முதற் சில வாரங்கள் வீட்டார் விழிப்பாக உடனிருக்கவேண்டும். தவிப்பு மிகுந்தால் உடனே வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

உளச்சிகிச்சைக்கு வழிகாட்டும் பேச்சை இந்நாளில் "ஆற்றுப்படுத்துதல்" என்று தமிழில் வழங்குகின்றனர். இச்சொல்லைத் தெரிந்தெடுத்தவரைப் பாராட்டுகின்றோம். ஆற்றுப்படை என்பது நம் பழைய இலக்கிய வகை. பரிசில் பெற்று மீண்டவன், வழியில் எதிர்ப்பட்ட வறியவனை, தான் சென்ற வழியே போகச் சொல்லுவது. பெற்றவனே வழி சொல்லுகின்றான் என்பதைக் கவனியுங்கள். நம்மவருள் இந்நோயிலிருந்து மீண்டவர் பலர் உளர். ஒருவரேனும் வழி சொல்லக் காணோம்.

இனித் தெய்வ நம்பிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. கோடாங்கியையும் கோயிலையும் யாம் இகழோம். உடுக்கடித்த இரவில் தம்பி உறங்கியதைச் சொன்னோம். நாற்பது பேர் தமக்காக விழித்திருந்தனர் என்னும் ஆறுதல் அதற்குக் காரணமாகலாம். ஆனால் நம்பிக்கையின் பெயரால் மருந்தை மறுப்பதன் முடிவை நம் பக்கத்தார் மறக்கலாகாது. 2001 ஆம் ஆண்டு ஆகஸ்டு 6 ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்றி, சங்கிலியிற் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். நாடே அதிர்ந்தது; உச்சநீதிமன்றம் தானே முன்வந்து அவ்வழக்கை எடுத்துக்கொண்டது. பிற்காலத்தில் அங்கே தொழுகைக்கு வருவோர் மனநல வைத்தியரையும் கண்டு மருந்து பெறும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. பிரார்த்தனையை விடச் சொல்லவில்லை. மருந்தையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். வழி அதுவே.

இரண்டும் சேர்ந்தும் தேறாதவர் என் செய்வது? வேறு மருந்துகளை உடன் சேர்க்கும் முறைகள் உள. லித்தியம் என்னும் உப்பு அவற்றுள் பழையது. மின் அதிர்ச்சிச் சிகிச்சை என்றவுடன் சினிமாவிற் கண்ட காட்சிகளை எண்ணி நடுங்குகின்றோம். இன்று அது மயக்க மருந்து கொடுத்தே செய்யப்படுகின்றது. மயக்கமின்றிச் செய்வதை 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுத்துள்ளது. உணவையும் நீரையும் மறுத்து உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவரை அது விரைவில் மீட்பதுண்டு. எம் குடும்பத்திற்கு அது வேண்டியிருக்கவில்லை. ஆதலின் மேலே பேசோம்.

இவையெல்லாம் பணம் படைத்தவர்க்கே ஆகும் என்று ஓர் அன்பர் கேட்கக்கூடும். வைகைக்கு வடகரையில் நம் பெரியாஸ்பத்திரி இருக்கின்றது. முதியோர் இன்னும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்பர். இராஜாஜி பெயர் தாங்கியது. அங்கே மனநலப் பிரிவு உண்டு, மருந்து இலவசம். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்தார், தத்தம் வட்டத்து அரசு மருத்துவமனையிலேயே மாவட்ட மனநலத் திட்டத்து வைத்தியர் வரும் நாளைக் கேட்டறியலாம். மதுரையிலே மனநல வைத்தியர் இராமசுப்பிரமணியன் அவர்கள் 1992 இல் தொடங்கிய எம். எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் இத்துறையில் நெடுநாளாய்த் தொண்டு செய்து வருகின்றது. இரவில் தனித்துத் தவிப்பவர் 14416 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால், தமிழிலேயே பேசுவர், கட்டணம் இல்லை. 2022 இல் தொடங்கிய அரசாங்க ஏற்பாடு அது.

மருந்து எளிதிற் கிடைக்கின்றது. பேச்சுச் சிகிச்சைக்குத்தான் ஆள் போதாது. உண்மை. இதற்குக் கோவாவில் ஒரு வழி கண்டனர். அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களில், வைத்தியப் படிப்பில்லாத சாதாரண மக்களுக்கே பயிற்சி கொடுத்து, கடுமையான சோர்வுற்றோரிடம் ஆறு முதல் எட்டுத் தடவை முறைப்படி பேசச் செய்தனர். எம் தம்பிக்குச் சொன்ன கடைப்பலகை வைத்தியம் போன்றதே அது. 2017 இல் வந்த முடிவின்படி, மூன்று மாதத்தில் தேறியவர் அம்முறை பெற்றோரில் நூற்றுக்கு 64, பெறாதோரில் 39. நம் மாதர் சங்கத்தில் படித்த பெண்மணிகள் எத்தனை பேர் பிற்பகலில் ஓய்வாக உள்ளனர்! தக்க வைத்தியர் மேற்பார்வையில் அவர்களுள் நால்வருக்குப் பயிற்சி கொடுக்க இச்சங்கம் ஏற்பாடு செய்தால், மாடியில் பழைய கணக்குப் புத்தகங்கள் அடைந்துகிடக்கும் அறைக்கும் ஓர் உபயோகம் உண்டாகும்.

குடும்பத்தாரைச் சேர்த்துக்கொள்வதும் நம் நாட்டிற்குப் புதிதன்று. அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யாசாகர் அவர்கள் 1950 களில் கூடாரம் அடித்து, நோயாளியின் உறவினரையும் உடன் தங்கச் செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையத்தாரும் அம்முறையைக் கையாண்டனர். பிணிப்பது சங்கிலியாய் இராமல் உறவாய் இருக்கவேண்டும் என்று அவர்கள் கருதினர் போலும்.

இனி, இக்கூட்டத்தில் இப்பொருளை எடுத்த காரணத்திற்கு வருகின்றோம். நம் சங்கத்தின் திருமணப் பதிவு விண்ணப்பத்தில் பதினோராவது கேள்வி ஒன்று உண்டு: "குடும்பத்தில் எவருக்கேனும் மனநோய் உண்டா? சிகிச்சை பெற்றதுண்டா?" என்பது. அவ்விண்ணப்பம் ஒரு புத்தகத்தில் ஒட்டப்பட்டு, ஞாயிறுதோறும் வருவோர் போவோர் அனைவர் கண்ணிலும் படுகின்றது. அக்கேள்விக்கு "உண்டு" என்று எழுதிய ஒரு விண்ணப்பத்தையேனும் யாம் கண்டதில்லை. புத்தகம் முழுதும் புரட்டிப் பார்த்துவிட்டே சொல்கின்றோம். இருபதின்மருக்கு ஒருவர் என்னும் கணக்கு நம் சமூகத்திற்கு மட்டும் விலக்கோ? ஆகலின் அக்கேள்வியால் உண்மை வெளிவரவில்லை. மாத்திரை மறைவுக்குப் போயிற்று, அவ்வளவே. மறைத்து உண்பவர் ஒழுங்காக உண்பதில்லை. ஒழுங்காக உண்ணாதவர் தேறுவதில்லை. பத்தொன்பதாம் நாள் எம் வீட்டில் அட்டையை ஒளித்த கைக்கு அச்சத்தைக் கொடுத்தது அப்பதினோராவது கேள்வியே.

அங்ஙனமாயின் பெண் கொடுப்போரும் கொள்வோரும் ஏமாறலாமா என்று பெரியவர் ஒருவர் எம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. மறைக்கச் சொல்லவில்லை. 1955 ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் தடையாகக் கொள்வதும், மணவாழ்க்கைக்கே தகுதியற்றதாக்கும் அளவினதான மனக்கோளாற்றையேயன்றி, மருந்துண்டு கடை நடத்துபவரின் சோர்வையன்று. மணமக்கள் இருவரும் இரு குடும்பத்தாரும் நேரில் அமர்ந்து, சர்க்கரையையும் இரத்தக்கொதிப்பையும் சொல்வதுபோல் இதனையும் சொல்லட்டும். தெருவார் படிக்கும் புத்தகத்தில் வேண்டா. எம் தம்பி மகளுக்கு மீண்டும் வரன் பார்த்தபோது அவ்வாறே செய்தோம். தகப்பனார் மருந்து உண்கின்றார் என்று முதற்பேச்சிலேயே சொன்னோம். ஒரு வீட்டார் காப்பியைக் குடித்துவிட்டுப் போனவர் போனவரே. மற்றொரு வீட்டில், மாப்பிள்ளையின் தாயார் எம் தம்பி மனையாளைத் தனியே உள்ளே அழைத்துச் சென்று, அலமாரியைத் திறந்து, பட்டுப்புடவையை விலக்கிக் காட்டினார். ஐந்து ஆண்டாக அவ்விடத்திலேயே வைத்து உண்டுவருகின்றாராம், மகனுக்கும் தெரியாதாம். அக்கலியாணம் சென்ற தை மாதம் நடந்தது.

தம்பி இப்பொழுது எவ்வாறு இருக்கின்றார் என்று கேட்பீர்கள். பழைய கணக்கில் ரூபாய்க்குப் பதினான்கு அணா தேறியிருக்கின்றார். கடை திறக்கின்றார், விடியற்காலையில் அன்று, ஏழு மணிக்கு. ஜாமீன் கடனைச் சகோதரர்கள் பங்கிட்டுக்கொண்டோம்; இன்னும் சிறிது பாக்கி இருக்கின்றது. ஒரு மாத்திரை தொடர்கின்றது. பேச்சுக்கு இரண்டு மாதத்திற்கு ஒருமுறை சென்று வருகின்றார். சென்ற ஐப்பசியில் அடைமழை நாட்களில் மீண்டும் சற்றுத் தளர்ந்தார். நோட்டை எடுத்துத் தாமே எழுதத் தொடங்கினார்.

விண்ணப்பத்தின் பதினோராவது கேள்வியை நீக்கவேண்டும் என்றும், மாடியறையை ஒழித்து வாரத்தில் ஒருநாள் ஆற்றுப்படுத்துவோர் ஒருவருக்கு விடவேண்டும் என்றும் ஒரு தீர்மானம் எழுதிக் காரியதரிசி அவர்களிடம் கொடுத்துள்ளோம். அதனை இப்பொழுது முறைப்படி பிரேரேபிக்கின்றோம். ஆமோதிப்பவர் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வருகின்றார். அவருக்குச் சிறிது வழிவிடுமாறு வேண்டுகின்றோம்.